வேடமற்ற நடிப்பு: கிறித்தவப் பள்ளி நாடக மரபும் புதுச்சேரி ஊரகப் பள்ளிகளில் நடிப்புப் பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவப் பள்ளிகளின் நாடகம் என்றவுடன் ஆண்டுவிழா மேடையும் கிறித்து பிறப்புக் காட்சியுமே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அம்மரபின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாகிய இயேசு சபைக் கல்வி விதிநூல் (1599) மேடை நாடகத்தையும் வகுப்பறை நடிப்பையும் வேறுவேறாக வைத்து விதி வகுத்தது. அவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. அடியார்க்குநல்லார் உரையில் இடம்பெறும் அவிநய வகைகள், தெருக்கூத்துப் பயிற்சி, பாலர் சபை, இலங்கைப் பள்ளிகளின் ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம் ஆகியவற்றோடு அதனை ஒப்பிட்டு, காட்டேரிக்குப்பம் போன்ற புதுச்சேரி ஊரகப் பகுதியின் உயர்நிலை மாணவர்க்கு நடிப்பு வகுப்பு எவ்வாறு அமையலாம் என்பதையும் கூறுகிறது.

திறவுச் சொற்கள்: பள்ளி நாடகம், நடிப்புப் பயிற்சி, இயேசு சபை, அவிநயம், மெய்ப்பாடு, தெருக்கூத்து, பாலர் சபை, புதுச்சேரி.

முன்னுரை

தமிழை முத்தமிழ் எனப் பகுத்துப் போற்றுவது நம் மரபு. எனினும் பள்ளித் தமிழ் வகுப்பில் நாடகம் இயலின் ஒரு கிளையாகவே நடத்தப்படுகிறது. பாடநூலில் நாடகப் பகுதி வரும்போது மாணவர் ஒருவர் அதனை உரக்கப் படிக்கிறார். ஆசிரியர் பொருள் கூறுகிறார். பின்னர் வினா விடை எழுதப்படுகிறது. நடிப்பு வகுப்பறைக்கு வெளியே, ஆண்டுவிழா நாளுக்கென ஒதுக்கப்படுகிறது. அந்நாளுக்கு ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்த பத்துப் பதினைந்து பேர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். எஞ்சியோர் பார்வையாளராகின்றனர். பேசத் தயங்கும் மாணவர்க்கு எந்தப் பயிற்சி மிகத் தேவையோ அதுவே அவர்க்குக் கிடைப்பதில்லை. இச்சிக்கலே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

வில்லியனூர் வட்டத்தைச் சேர்ந்த காட்டேரிக்குப்பம், அதனைச் சூழ்ந்த ஊர்கள், தெற்கே பாகூர்ப் பகுதி ஆகியவை இச்சிக்கலை ஆராய ஏற்ற களங்களாகும். இவை விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை ஒட்டியவை. தெருக்கூத்து வழங்கும் நிலப்பரப்பைச் சேர்ந்தவை. கிறித்தவ நிறுவனங்களின் கல்விப்பணியும் புதுச்சேரியில் நெடுங்காலமாகத் தொடர்கிறது. நாடகத்தை உயர்கல்வியாகப் பயிற்றும் பல்கலைக்கழகத் துறையும் இங்கு உண்டு. கூத்து, பள்ளி, பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் அருகருகே இருந்தும் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு நடிப்பு ஒரு பாடமாகக் கிட்டாமை கருதத்தக்கது.

1. இரு விதிகள், இருவகை நாடகங்கள்

இயேசு சபையினர் தம் முதற் பெருங் கல்லூரியை 1548இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தொடங்கினர். அடுத்த அரைநூற்றாண்டுப் பட்டறிவைத் தொகுத்து 1599இல் வெளியிட்ட கல்வி விதிநூல் ‘ராத்சியோ ஸ்டுடியோரும்’ என இலத்தீனில் வழங்கும். ஐரோப்பிய நாடக வரலாற்றில் இப்பள்ளிகளுக்குத் தனியிடம் உண்டு. கொர்னேய், மோலியேர், வோல்த்தேர் ஆகியோர் இயேசு சபைப் பள்ளிகளில் பயின்றவர்கள். யாக்கோப் பீடர்மன் இயற்றிய ‘செனோதொக்சுஸ்’ 1602இல் ஆக்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது.

இவ்விதிநூல் நாடகத்தைப் பற்றி இரண்டு இடங்களில் பேசுகிறது. முதலாவது, கல்லூரித் தலைவர்க்குரிய விதி. துன்பியலும் இன்பியலும் மிக அரிதாகவே நடத்தப்பட வேண்டும். அவை இலத்தீனில் அமைய வேண்டும். பொருள் புனிதமானதாக இருக்க வேண்டும். பெண் பாத்திரமோ பெண் உடையோ இடம்பெறலாகாது என அவ்விதி கட்டுப்படுத்துகிறது. இது மேடை நாடகத்துக்கு இடப்பட்ட வரம்பு. நடைமுறையில் பல கல்லூரிகள் இவ்வரம்பைக் கடந்து வட்டார மொழிச் சுருக்கங்களையும் இசையையும் பெருங் காட்சியமைப்புகளையும் சேர்த்துக்கொண்டன.

இரண்டாவது, சொற்கலை ஆசிரியர்க்குரிய விதி. ஆசிரியர் அவ்வப்போது ஒரு சிறு காட்சியையோ உரையாடலையோ மாணவர்க்கு எழுதுபொருளாகத் தரலாம். அவர்கள் எழுதியவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, பாத்திரங்களை அவர்களிடையே பகிர்ந்து, வகுப்பறையிலேயே நடிக்கச் செய்யலாம். ஆனால் மேடை ஒப்பனை எதுவும் கூடாது என்பது அதன் கருத்து.

இவ்விரு விதிகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு தெளிவு பிறக்கிறது. முதல் விதி நாடகத்தைக் காட்சியாகக் காண்கிறது. ஆகவே அஞ்சி வரம்பிடுகிறது. இரண்டாம் விதி நடிப்பைக் கற்றல் முறையாகக் காண்கிறது. ஆகவே அதனை ஆசிரியரின் விருப்புக்கு விடுகிறது. முன்னதில் மாணவர் பிறர் எழுதியதை ஊரார் முன் ஒப்பிக்கிறார். பின்னதில் தாமே எழுதுகிறார், ஒப்பிடப்படுகிறார், தம் வகுப்பினர் முன் நடிக்கிறார். எழுத்து, தேர்வு, பேச்சு, உடல் ஆகிய நான்கும் ஒரே பயிற்சியில் இணைகின்றன. ஒப்பனை விலக்கப்படுவதால் செலவில்லை. வேடத்தின் பகட்டுக்குப் பின் மறையவும் இயலாது. பிற்காலப் பள்ளிகள் பேணிக்கொண்டது முதலாவதையே. இரண்டாவது பெரும்பாலும் மறக்கப்பட்டது.

2. உடலுக்கு இலக்கணம்

நடிப்பைக் கற்பிக்க முடியும் என்னும் நம்பிக்கை இம்மரபில் தனி நூலாகவும் வெளிப்பட்டது. மியூனிக் கல்லூரியில் நெடுங்காலம் நாடகப் பணியாற்றிய பிரான்சிஸ்குஸ் லாங் என்னும் இயேசு சபைத் துறவி எழுதிய மேடை நடிப்பு ஆய்வுரை, அவர் மறைவுக்குப் பின் 1727இல் வெளியாயிற்று. பாதங்களை இணையாக வைக்காமல் ஒன்றையொன்று விலகிய கோணத்தில் நிறுத்துதல், கைகளின் உயர எல்லை, கண்ணின் நோக்கு, முகக்குறிப்பு என உறுப்புத்தோறும் அது விதி கூறுகிறது. சொல் பிறப்பதற்கு முன்னரே உணர்வு உடலில் தோன்ற வேண்டும் என்பது அதன் இன்றியமையாத கருத்துகளுள் ஒன்று.

இவ்விதிகளை இன்றைய வகுப்பில் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. அவை பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவையின் உடல்மொழியைச் சார்ந்தவை. எனினும் அவற்றின் அடிநிலை கொள்ளத்தக்கது: நடிப்பு பிறவிக்கொடை மட்டுமன்று, பகுத்துப் பயிற்றத்தக்க ஒரு கல்வி.

3. தமிழ் உரைமரபு தரும் பாடத்திட்டம்

மேற்கண்ட கருத்து தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை, மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியதைக் கூறுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் எனப் பயிற்றுவோரின் தகுதிகளையும் அக்காதை விரிக்கிறது. ஒருநாள் அரங்கேற்றத்துக்குப் பின்னால் ஏழாண்டுப் பயிற்சி நிற்கிறது. நம் ஆண்டுவிழாக்களிலோ அரங்கேற்றம் மட்டும் நிலைத்துப் பயிற்சி சில வாரங்களாகச் சுருங்கிவிட்டது.

அக்காதைக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார் காலத்தில் பல நாடகத்தமிழ் நூல்கள் இறந்துபட்டிருந்தன. எனினும் அவர் எடுத்துக்காட்டும் செய்திகளுள் இருபத்து நான்கு அவிநயங்களின் பட்டியல் ஒன்று உண்டு. வெகுண்டோன், ஐயமுற்றோன், சோம்பினோன், உவந்தோன், அழுக்காறுடையோன், துயிலுணர்ந்தோன், மழை பெய்யப்பட்டோன், பனித்தலைப்பட்டோன், வெயில்தலைப்பட்டோன், நாணமுற்றோன், கண்ணோவுற்றோன், தலைநோவுற்றோன், நஞ்சுண்டோன் முதலியோர் அதில் இடம்பெறுகின்றனர்.

இப்பட்டியல் பொதுவாக நாட்டிய இலக்கணத்தின் எச்சமாகவே நோக்கப்படுகிறது. நடிப்பு ஆசிரியரின் கண்கொண்டு நோக்கினால் அது ஒரு பயிற்சி நிரலாகத் தெரிகிறது. இதில் வெகுளி, உவகை, நாணம் போன்ற உள்ள நிலைகள் உண்டு. மழை, பனி, வெயில் போன்ற புறச்சூழல்கள் உண்டு. கண்ணோவு, தலைநோவு போன்ற உடல்நிலைகளும் உண்டு. வெயிலில் நிற்பவனை வெயிலின்றி நடித்துக் காட்டுதல், உறக்கத்தினின்று விழிப்பவனைப் பட்டப்பகலில் நடித்துக் காட்டுதல் ஆகியவை இன்றைய நடிப்புப் பட்டறைகளில் புலன்நினைவுப் பயிற்சி என்னும் பெயரில் நடத்தப்படுவனவற்றுக்கு நெருக்கமானவை. வயலில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு வெயில்தலைப்பட்டோன் அவிநயம் நூலறிவு வேண்டாப் பாடம். அதில் அம்மாணவரே வகுப்புக்கு வழிகாட்ட முடியும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இவ்வகையில் துணைநிற்கிறது. எண்வகை மெய்ப்பாடுகளும் ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களை உடையன, ஆக முப்பத்திரண்டு. அழுகைக்கு இழவு ஒரு களன், வறுமை மற்றொரு களன். இழந்தவரின் அழுகையும் இல்லாதவரின் அழுகையும் உடலில் ஒன்றாகத் தோன்றுவதில்லை. இவ்வேறுபாட்டை எழுதி விளக்குவதைவிட நடித்துக் காட்டும் மாணவர் நன்கு உணர்வார். அவ்வாறு உணர்ந்தவர்க்கு மெய்ப்பாட்டியல் மனப்பாடப் பகுதியாக மட்டும் நில்லாது.

கிறித்தவக் கல்வி நிறுவனத்தில் தமிழ் கற்பித்த ஒருவரே நவீன காலத்தில் நாடக இலக்கணத்தை மீட்க முயன்றார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியராகிய பரிதிமாற்கலைஞர் (1870–1903) ‘நாடகவியல்’ நூலை 1897இல் வெளியிட்டார். ‘ரூபாவதி’, ‘கலாவதி’ ஆகிய நாடகங்களையும் இயற்றினார். இலக்கணமும் இலக்கியமும் ஒரே ஆசிரியரிடம் இணைந்த அம்முயற்சி, பள்ளி வகுப்பறை வரை வந்து சேரவில்லை.

4. புதுச்சேரிச் சூழல்: கூத்து வாத்தியாரும் பாலர் சபையும்

புதுச்சேரியில் இயேசு சபையினர் பதினெட்டாம் நூற்றாண்டில் பணியாற்றினர். 1773இல் அச்சபை ஒடுக்கப்பட்டபின் பாரிசு வெளிநாட்டு மறைப்பணிச் சபையினர் பொறுப்பேற்றனர். அவர்கள் காலத்தில் 1844இல் தோன்றிய பெத்தி செமினேர் இன்றும் மேல்நிலைப் பள்ளியாக இயங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குளூனி சபைச் சகோதரியர் பெண்கல்விப் பணியைத் தொடங்கினர். பெண்கள் பள்ளி மேடையில் அரசன், ஆயன், படைவீரன் என ஆண் வேடங்களையும் மாணவியரே ஏற்க வேண்டியிருக்கிறது. பெண் பாத்திரத்தையே விலக்கிய 1599ஆம் ஆண்டு விதியோடும், பெண் வேடத்தை ஆண்களே கட்டும் தெருக்கூத்தோடும் இதனை ஒப்பிட்டால், பெண்கள் பள்ளி மேடை அமைதியாக நிகழ்த்திய மாற்றம் விளங்கும்.

கிறித்தவப் பள்ளி மேடைக்கு வெளியே ஊரகப் புதுச்சேரியின் நடிப்புக் கல்வி கூத்து வாத்தியாரிடம் இருந்தது. அடவு, பாட்டு, தாளம், வசனம் ஆகியவற்றை இளையோர் அவரிடம் நேரிற் கற்றனர். வேடக்காரர் பிடிதிரைக்குப் பின்னிருந்து விருத்தம் பாடித் தம் வரவை உணர்த்தி, பின்னர் வெளிப்பட்டு ஆடி, கட்டியங்காரனின் வினாக்களுக்கு விடையாகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வார். உணர்வு முதலில் குரலிலும் உடலிலும் தோன்றிப் பேச்சு பின்னர் வருவதாகிய இம்முறையும் லாங் கூறும் நெறியும் தம்முள் தொடர்பின்றியே ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. கட்டியங்காரனோ அவையின் மொழியில் பேசி, கதையையும் ஊர் நடப்பையும் இணைத்து, கேள்வி கேட்கும் உரிமை உடையவன். வகுப்பறை நாடகத்துக்கு இவனைவிடப் பொருத்தமான பாத்திரம் அரிது.

எனினும், ‘கூத்தாடி’ என்னும் சொல் வசையாகவும் வழங்கும் சமூகம் இது. கூத்துக் கலைஞரின் பிள்ளை, வீட்டில் கற்ற கலையைப் பள்ளியில் சொல்லிக்கொள்ளத் தயங்கும் நிலை இதனால் உண்டாகிறது. நடிப்பு பாடமாகும்போது அக்கலை மதிப்பெண்ணுக்கும் மதிப்புக்கும் உரியதாகிறது. இது கலைப் பாதுகாப்பு மட்டுமன்று. மாணவரின் தன்மதிப்புச் சார்ந்ததும் ஆகும்.

நடிப்புக் கல்வியின் மற்றொரு தமிழ் வடிவம் பாலர் சபை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்குப் பயின்றவர்கள். பாடல், பாடம், மேடையொழுங்கு என நாள்தோறும் பயிற்சி நடந்தது. ஆயினும் அது தொழிற்குழு. சிறுவர் வழக்கமான பள்ளிக் கல்வியை இழந்தே அப்பயிற்சியைப் பெற்றனர். சுவாமிகள் 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் மறைந்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பல்கலைக்கழகத்தில் நாடகக் கல்வி வேரூன்றியதில் இந்திரா பார்த்தசாரதியின் பங்கு குறிப்பிடத்தக்கது. ‘ஆழி’ குழுவின் வழி வேலு சரவணன் நிகழ்த்திவரும் சிறுவர் நாடகங்களும் இம்மண்ணின் முயற்சிகளே. பாலர் சபையின் பயிற்சிச் செறிவையும் பள்ளியின் பொதுமையையும் ஒருங்கே பெறுவதே இன்றைய தேவை.

5. நாடகம் பாடமான இடம்: இலங்கை

இலங்கையின் தமிழ்மொழிவழிப் பள்ளிகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ பொதுத் தேர்வுக்குரிய பாடமாக உள்ளது. எழுத்துத் தேர்வோடு செயன்முறைத் தேர்வும் உண்டு. இந்நிலை ஓர் ஆணையால் மட்டும் உருவானதன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் கூத்துகளைச் செப்பமிட்டு மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ ஆகியவை அவற்றுட் சில. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயிற்சியளித்தார். அவருடைய ‘கூடி விளையாடு பாப்பா’, சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்றவை சிறுவர் அரங்குக்குரிய பனுவல்களாயின. கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வை 1981இல் நூலாக்கினார். ஆய்வு, பனுவல், பயிற்சி, தேர்வு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கின.

கிறித்தவப் பின்னணியிலும் அங்கு ஒரு தொடர்ச்சி உண்டு. யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க ஊர்களில் ‘எஸ்தாக்கியார்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ முதலிய நாடகங்கள் அண்ணாவிமாரால் பழக்கப்பட்டு ஆடப்பட்டுவந்தன. நீ. மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் காட்சியை முதன்மையாகக் கொண்டு பின்னர் பயிற்சி, இதழ், பிற பொருள் நாடகங்கள் என விரிந்தது. சமய விழாவில் தொடங்கிய அரங்கு பொதுக்கலைப் பயிற்சிக்கு அடித்தளமாக முடியும் என்பதற்கு இது சான்று.

தேர்வுப் பாடமாதலில் இடரும் உண்டு. குறிப்பேடு எழுதி மனனம் செய்யும் பழக்கம் அரங்கியலையும் விழுங்கக்கூடும். செயன்முறைக்கு உரிய இடம் குறையின், நடிக்காமலே நாடகம் கற்ற மாணவர் உருவாவர். எனவே பாடமாக்குதல் மட்டும் தீர்வாகாது. வகுப்பு எவ்வாறு நடக்கிறது என்பதே முதன்மை.

6. விவிலியக் கதையும் பல்சமய வகுப்பும்

கிறித்தவப் பள்ளியில் பயில்வோர் அனைவரும் கிறித்தவரல்லர். அங்கு நடிப்பு வகுப்பு சமயப் போதனையாகிவிடாதா என்னும் வினா நேர்மையாக எழுப்பத்தக்கது. நாடகத்தின் இயல்பிலேயே இதற்கு விடை உண்டு. பாத்திரத்தை ஏற்றல் வேறு, அதன் நம்பிக்கையை ஏற்றல் வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளி திருமணத்தோடு ஞானசவுந்தரி கதையையும் நாடகமாக்கினார். அந்நாடகக் காலத்தில் வேடத்தைக் கொண்டு நடிகரின் சமயம் கணிக்கப்படவில்லை.

ஆயினும் வேறுபாடு காக்கப்பட வேண்டும். விழா மேடையில் கதை முன்னரே முடிவானது. மாணவர் அதற்கு உருக் கொடுக்கிறார். வகுப்பறையில் கதை ஆராயப்படுகிறது. ஊதாரி மைந்தன் உவமையை எடுத்துக்கொள்வோம். மேடையில் இளையவனின் மனமாற்றமும் தந்தையின் மன்னிப்புமே காட்சியின் உச்சம். வகுப்பறையில் மூத்தவனின் வாயிலடைந்த வெகுளியையும் நடிக்கச் செய்யலாம். அவன் பக்கத்து நியாயத்தை எழுதச் செய்யலாம். நிலப்பங்கீடும் உடன்பிறந்தார் மனத்தாங்கலும் அறிந்த உழவர் ஊரில் எந்தச் சமயத்து மாணவர்க்கும் அது புரியும். அவ்வாறே நல்லதங்காளும் பிசிராந்தையாரும் அதே வகுப்பில் இடம்பெறலாம். புதுச்சேரியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பாரதிதாசனின் ‘பிசிராந்தையார்’ நாடகம் 1969ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது என்பதை இம்மாணவர் அறிவது தகும்.

7. நாற்பது நிமிட வகுப்பின் அமைப்பு

இதுவரை கண்டவற்றைக் கொண்டு உயர்நிலை வகுப்புக்கு ஒரு முறை வகுக்கலாம். வாரம் ஒரு பாடவேளை போதும். தனி அரங்கோ உடையோ வேண்டா. முதல் ஐந்து நிமிடங்கள் மூச்சும் குரலும்: கடைசி இருக்கைக்குக் கேட்குமாறு, கத்தாமல் பேசுதல். அடுத்த பத்து நிமிடங்கள் ஓர் அவிநயம்: அடியார்க்குநல்லார் பட்டியலில் ஒன்றை வகுப்பினர் அனைவரும் ஒரே நேரத்தில் செய்தல். எல்லாரும் செய்யும்போது எவரும் தனித்துப் பார்க்கப்படுவதில்லை. கூச்சமுடைய மாணவர்க்கு இதுவே நுழைவாயில். பின்னர்ப் பதினைந்து நிமிடங்கள் காட்சி: முந்தைய வாரம் மாணவர் எழுதியவற்றுள் ஒன்று, பாத்திரம் பகிர்ந்து, ஒப்பனையின்றி நடிக்கப்படும், கட்டியங்காரன் ஒருவர் இடைபுகுந்து வினவுவார். இறுதிப் பத்து நிமிடங்கள் உரையாடல்: எது நம்பும்படி இருந்தது, எந்தச் சொல் வாயில் நிற்கவில்லை, எங்கே மௌனம் தேவைப்பட்டது.

இவ்விறுதிப் பகுதி மொழிக்கல்வியின் உயிர்நிலை. எழுத்துத்தமிழில் எழுதப்பட்ட வசனம் வாயில் வரும்போது தடுமாறுவதை மாணவர் தாமே கண்டறிகின்றனர். வட்டார வழக்கு எங்கே பொருந்தும், செந்தமிழ் எங்கே தேவை என்னும் தெளிவு இலக்கண விதியாக அன்றிச் செவியறிவாக அமைகிறது. பதிவுசெய்த வசனத்துக்கு வாயசைக்கும் விழா முறையில் இக்கல்வி நிகழ வழியில்லை. அங்கு மாணவரின் குரலே விலக்கப்படுகிறது.

2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இசை, நடனம், காட்சிக்கலை ஆகியவற்றோடு நாடகத்தையும் பள்ளிக் கல்வியின் பகுதியாக வலியுறுத்தியது. ஆகவே இம்முறைக்குக் கொள்கையளவில் தடையில்லை. தேவைப்படுவன இரண்டு: தமிழாசிரியர் கல்வியில் நடிப்புப் பயிற்சி, ஊர்க்கூத்து வாத்தியாரை வகுப்புக்கு அழைக்கும் மனநிலை.

முடிவுரை

கிறித்தவப் பள்ளி நாடக மரபு நமக்கு ஒரு மேடையையும் ஒரு வகுப்பறையையும் விட்டுச் சென்றது. மேடை வளர்ந்தது, வகுப்பறை தேய்ந்தது. 1599ஆம் ஆண்டு விதி கூறிய வேடமற்ற நடிப்பும், அடியார்க்குநல்லார் காத்துத் தந்த அவிநய நிரலும், கூத்து வாத்தியாரின் நேர்முகப் பயிற்சியும், இலங்கைப் பள்ளிகளின் பாடமுறையும் தம்முள் மாறுபட்ட தோற்றமுடையன. எனினும் நடிப்பு தேர்ந்த சிலரின் காட்சியாக நில்லாமல் எல்லா மாணவர்க்கும் உரிய பயிற்சியாக வேண்டும் என்னும் முடிவுக்கு அவை இடந்தருகின்றன. ஆண்டுவிழாவைக் கைவிட வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் வகுப்பில் பேசிப் பழகியவர்கள் ஏறும் மேடையாக அது அமைந்தால் போதும். அப்போது காட்டேரிக்குப்பத்து மாணவர்க்கு முத்தமிழின் மூன்றாம் தமிழ் தம் குரலாலும் உடலாலும் கற்ற பாடமாகக் கைவரும்.